டாக்டர் பாபுவுக்கு வைத்த நரம்பு

சின்னத்துரை, நீ போய்விட்டாய் என்று போன் வந்தபோது நான் உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். நீதான் கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்துகொண்டு, புழுங்கலரிசிக் கஞ்சியும் சுட்ட கருவாடும் வேண்டும் என்றாய். கருவாட்டை உள்ளே விடமாட்டார்கள், வார்டு முழுக்க நாறும் என்றேன். "அப்ப தொவையல் அரைச்சுக் கொண்டாங்க மதினி, தேங்கா கூட வச்சு" என்றாய். துவையலை வழித்து வைத்துவிட்டுக் கஞ்சியை ஆற்றும்போதுதான் உன் பக்கத்தில் இருந்த ஜர்னா தீதி போனில் கூப்பிட்டாள். அவள் என்னைப் பௌதி என்றுதான் கூப்பிடுவாள். "பௌதி, இனி அவசரப்பட்டு வரவேண்டாம்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. சரி, குணமாகிக்கொண்டிருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் கஞ்சியை ஆற்றினேன். பிறகுதான் கை நின்றது.

இதைப் படிக்கிற உங்களுக்கு அவனைச் சண்முகம் என்றால் தெரியும். நம் கல்கத்தா தமிழ்ச் சங்கத்துச் சித்திரை விழாவுக்கு வந்து பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்குவானே, அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு, அவன்தான். விழா மலரில் அவனைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். "உடல்நலக் குறைவால் காலமானார் என்று போட்டால் போதும் அம்மா" என்றும் சொன்னார்கள். நான் தூத்துக்குடியில் ஐந்தாவது வரை படித்தவள். நாலு வரியில் அடக்கத் தெரியவில்லை. உடல்நலக் குறைவு என்று எழுத மனசும் வரவில்லை. அவன் முழுக்கைச் சட்டைக்குள் என்ன இருந்தது என்று சொல்லாமல் அவனைப் பற்றி நான் எதைச் சொல்வது?

அவன் என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. கல்யாணமாகி நான் ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியபோது அழைத்துப்போக வந்து நின்றான். முழுக்கைச் சட்டை, பளபளவென்று பூட்ஸ். "இது யாரு, தொரை மாதிரி நிக்காரு?" என்று நான் மெதுவாகத்தான் கேட்டேன். அவனுக்குக் காது கூர்மை. "பெரிய தொரை உங்க பக்கத்துல நிக்காரு மதினி, நான் சின்னத்தொரை" என்றான். அன்றிலிருந்து எனக்கு அவன் சின்னத்துரைதான். அவசரத்துக்கு வெறும் தொரை. அப்போது அந்தச் சட்டை வெறும் ஷோக்குக்குத்தான். கையில் மறைக்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இவன் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் காகிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அந்த ஆபீஸ் பையன்களோடுதான் பழகினான். முதலில் போதைப் பொடியைப் புகைத்தார்களாம். பிறகு அது கிடைக்காத நாட்களில் மருந்துக்கடையில் மருந்து வாங்கி ஊசி போட்டுக்கொண்டார்களாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது சட்டை. துவைக்க எடுக்கும்போது முழங்கை மடிப்பில், உள்பக்கமாகப் புள்ளி புள்ளியாக ரத்தம். கேட்டால் கொசு என்றான்.

"என்ன கொசு தொரை, எப்பவும் ஒரே இடத்துல கடிக்கி?"

"கல்கத்தா கொசு மதினி. விலாசம் பாத்து வரும்."

சிரித்துவிட்டேன். உப்புப் போட்டு ஊறவைத்துக் கறையை எடுத்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்து இழுத்துச் சட்டையை மேலே ஏற்றிவிட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கருப்புக் கருப்பாகக் கோடு. "ஏலே, இது கையா?" என்று கேட்டார் அவர். குரல் உடைந்துபோய்த்தான் கேட்டார். பிறகு அடித்தார். வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பி, "ஏட்டி, எனக்குத் தம்பி கிடையாது. கேட்டுக்கிட்டியா?" என்றார். கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பல வருஷம் அவன் பேரே கிடையாது.

மீன் வாங்கப் போகிற வழியில் கால்வாய்ப் பாலத்துக்குக் கீழே அவனைப் பார்ப்பேன். அதே மாதிரி முழுக்கைச் சட்டை, ஆனால் நிறம் போய்விட்டது. நொண்டி நடந்தான். கையில் நரம்பு தீர்ந்து காலுக்குப் போயிருந்தான். நரம்பு தீருமா என்று கேட்பீர்கள். தீரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால், அடுத்தவன் போட்ட மழுங்கிய ஊசியால் குத்தினால், நரம்பு விறைத்து உள்ளே அடைத்துக்கொள்ளும். தொட்டால் தோலுக்கடியில் சணல் கயிறு கிடக்கிற மாதிரி இருக்கும். அதில் ரத்தம் ஓடாது. கால் வீங்கும். புண் வந்தால் ஆறாது. இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது அந்தப் புண்ணின் வாடை ஒன்றுதான். வாங்கிய மீனில் பாதியை அவன் கையில் கொடுத்தேன். "இத எங்க போய்ப் பொரிக்க மதினி?" என்று கேட்டான். அதற்கும் சிரித்தான்.

கால்வாய் ஓரத்தில் ஊசி போடுகிறவர்களுக்கென்று ஒரு மையம் திறந்திருந்தார்கள். ஒரே அறை. ஒரு கேரம் போர்டு, டீ, கட்டுப்போட ஒரு மேசை. பழைய ஊசியைக் கொண்டுபோய்ப் போட்டால் புது ஊசி கொடுப்பார்கள். யாரையும் திட்டமாட்டார்கள். ஜர்னா தீதி அங்கே நர்ஸ். அவன் காலைத் தினமும் கழுவிக் கட்டி, வெட்டாமல் காப்பாற்றியது அவள்தான். போதை ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் அங்கேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் மெல்ல மேலே வந்தான். பிறகு அங்கேயே வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பாலத்துக்கடியிலும் கோடவுன் சந்துகளிலும் போய்ப் புது ஊசி கொடுப்பான், பழையதைப் பொறுக்கிக்கொண்டு வருவான்.

என் வீட்டுக்காரர் காமாலையில் படுத்தார். ஒரு மத்தியானம் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, அவன் கை எப்படி இருக்கு?" என்றார்.

"யாரு கை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"கை அப்படியேதான் இருக்கு. கால் ஆறிட்டு வருதாம்."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் போன அன்று இவன் தெருமுனையில் வந்து நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை. எங்களுக்கு ஒரே மகள், கொள்ளி வைக்கத் தம்பிதான். ஆளனுப்பி அழைத்தேன். நீர்மாலைக்குக் குடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும், சட்டையைக் கழற்று என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். அத்தனை பேர் நிற்கிறார்கள், பட்டப்பகல். "கழத்து தொரை" என்றேன். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். இரண்டு கையையும் எல்லாரும் பார்த்தார்கள். உங்களில் சிலரும் அன்று இருந்தீர்கள். தண்ணீர்க் குடத்தை அவன் தோளில் ஏற்றிவிட யாரும் கிட்டே போகவில்லை. குறை சொல்வதற்கு எழுதவில்லை. நானும் முதலில் கண்ணை மூடினவள்தானே. கடைசியில் பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் வந்து தூக்கிவிட்டார்.

அதன் பிறகு நான் ஒரு கோடவுனில் கிழிந்த சாக்குத் தைக்கிற வேலைக்குப் போனேன். மகள் நியூ டவுனில் ஃப்ளாட்டில் இருக்கிறாள். தினமும் போன் செய்வாள், வங்காளத்தில் பேசுவாள். பேரனுக்குத் தமிழ் வராது. என்னைத் தமிழில் கூப்பிடச் சின்னத்துரை ஒருவன்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான். எனக்கு அந்த ஊசி கொடுக்கிற வேலை பிடிக்கவில்லை. தெருக்குழாயில் பெண்கள், "உன் கொழுந்தன் ஊசி வியாபாரம் பண்ணுகிறானாமே" என்று இந்தியில் கிண்டினார்கள். அவனிடம் சண்டை போட்டேன்.

"நான் குடுக்கலைன்னா போடாம இருப்பானா மதினி? சாக்கடையில கிடக்கத எடுத்துப் போடுவான். நானே போட்டிருக்கேன்" என்றான். பிறகு, "மொதல்ல உசிரோட இருக்கட்டும். திருந்துறதுக்கு உசிரு வேணும்லா?" என்றான்.

ஊசி வாங்குகிற பையன்களிடம் அவன் எப்போதும் சொல்வது ஒன்றுதான். தனியாகப் போடாதே. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும், மூச்சு நின்றால் கூப்பிட. இதைச் சொல்லாமல் யார் கையிலும் ஊசியைக் கொடுக்கமாட்டான். அவர்கள் அவன் மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

பாபி என்று ஒருவன், கைவண்டி இழுப்பவன். ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு. சின்னத்துரைதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சலைன் ஏற்ற வேண்டும். கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள், நரம்பு கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே பாபி போய்விட்டான். அன்று சின்னத்துரை என் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "பாபி ஊசியால சாகல மதினி. தண்ணி ஏத்த ஒரு நரம்பு இல்லாம செத்தான். எல்லாத்தையும் செலவழிச்சான், ஒண்ண டாக்டருக்குன்னு வைக்கலியே" என்றான்.

பேசிக்கொண்டே என் சாக்கு நூலை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். மெழுகு போட்ட தடித்த நீல நூல். திடீரென்று இடது கையை நீட்டினான். கட்டைவிரலுக்கு மேலே, மணிக்கட்டில், ஒரு நரம்பு பச்சையாக ஓடியது. அவன் உடம்பில் குத்தாமல் மிஞ்சியது அது ஒன்றுதானாம். "இதுக்கு மேல கட்டுங்க. உங்க முடிச்சாப் போடுங்க" என்றான். என் அப்பா வலை முடைகிறவர். எனக்குத் தெரிந்தது வலை முடிச்சுதான். நனைய நனைய இறுகும், அவிழ்க்க வராது, வெட்டத்தான் வேண்டும்.

அப்படித்தான் அந்த வழக்கம் மையத்தில் வந்தது. ஆளுக்கு ஒரு நரம்பு. அதன் மேல் ஒரு நூல். நான் போய்க் கட்டுவேன். அவன் மதினி என்று கூப்பிடுவதைப் பார்த்து எல்லாரும் என்னைப் பௌதி என்றார்கள், அண்ணன் மனைவிக்கு வங்காளத்தில் அதுதான் பெயர். சின்னத்துரை அவர்களிடம் சொல்வான்: "இந்த ஒன்று உன்னுடையது இல்லை. டாக்டர் பாபுவுடையது. அடுத்தவன் சாமானில் கை வைக்காதே." டாக்டர் ஐயாவை இங்கே டாக்டர் பாபு என்பார்கள். ஒருவன் அவனை அண்ணன் முறை வைத்துக் கேட்டான், "சண்முக் தா, டாக்டர் பாபு வாடகை தருவாரா?" இன்னொருவன், "நான் முசல்மான், காளி கோயில் நூல் எனக்கு எதற்கு?" என்றான். "காளியும் இல்லை தர்காவும் இல்லை, இது சாக்கு மூட்டை நூல். கையை நீட்டுடா மூட்டை" என்றான் இவன். சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். நூல் என்ன செய்துவிடும் என்று நான் கேட்டதற்கு, "வெறி வரும்போது வெரலு நரம்பத் தேடும் மதினி. நூல் தட்டும். தட்டுனா ஒரு நிமிசம் நிப்பான். அது போதும்" என்றான். துர்கா பூஜைக்கு ஊரெல்லாம் புதுத்துணி எடுக்கும்போது எங்கள் மையத்தில் புது நூல் கட்டிக்கொள்வார்கள். பழையதை நான் கத்தரியால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவேன். போன பூஜைக்கும் அவனுக்குக் கட்டினேன். அந்த நரம்பு அப்போது வாய்க்கால் மாதிரி பச்சையாகத்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

என் வீட்டில் மட்டும் அவன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொள்வான். மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான். "ஊசிய விட்டா சேக்காளிகளயும் விட்டுறணும் மதினி. அவனுவ கூட உக்காந்தா கை அரிக்கும். உக்காரலைன்னா பேச ஆளில்ல. நல்ல மனுசங்ககிட்ட போனா அவங்க என் கையத்தான் பாக்காங்க."

"என்கிட்ட பேசு."

"அதுக்குத்தான ஞாயித்துக்கிழம வாரேன். மத்த கிழமதான் நீளமா இருக்கு."

தட்டைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் போனான். அவன் சொன்னதில் எனக்கு மனப்பாடமாக இருப்பது இதுதான்.

பங்குனியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது, மூச்சு வாங்கியது. ரத்தத்தில் கிருமி ஏறி இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டர். "இன்னும் ஊசி போட்டுக்கொள்கிறாரா?" என்று கேட்டார். "இல்லை. விட்டு வருஷக்கணக்காகிறது" என்று நான் சத்தமாகச் சொன்னேன். மருந்து ஏற்ற நர்ஸ் வந்தது. சின்னப் பெண். வலது கையில் தேடியது, முழங்கையில் தேடியது, பாதத்தில் தேடியது. அதற்கு வியர்த்துவிட்டது. நான் பெருமையோடு முன்னால் போனேன். "இடது கையில் பாரம்மா. நூலுக்கு அடியில். உங்களுக்கென்றே வைத்திருக்கிறான்" என்றேன்.

அந்தப் பெண் நூலை வெட்டியது. விரலால் அமுக்கிப் பார்த்தது. மறுபடி அமுக்கியது. பிறகு என்னைப் பார்த்தது. நானும் தொட்டேன். கயிறு. தோலுக்கடியில் கயிறு. நூல் இருந்த இடத்தைச் சுற்றிக் கருப்பாகப் புள்ளிகள். ஜர்னா தீதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் விழித்துத்தான் இருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் வந்து கழுத்து வழியாக ஊசி ஏற்றி மருந்து விட்டார். மருந்து கிடைக்காமல் அவன் சாகவில்லை. அதைச் சொல்ல வேண்டும், அவர்கள் பாடுபட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் கஞ்சி கேட்டான். சாப்பிட்ட பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

இதை எழுதினால் அவன் பேர் கெட்டுவிடும் என்று மகள் சொல்கிறாள். மையத்துப் பையன்களுக்குத் தெரியும், ஜர்னா தீதி மறைக்கவில்லை. காரியம் முடிந்து நான் அங்கே போனபோது, இனி யார் கையை நீட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒருவன் வந்து உட்கார்ந்து கையை நீட்டினான். "கட்டு பௌதி. சண்முக் தாவுக்கே அறுந்திருக்கிறது, எனக்கும் அறுந்துபோகும். அவர் திரும்பக் கட்டிக்கொண்டார் அல்லவா?" என்றான். கட்டினேன். எனக்குக் கண் தெரியவில்லை, விரல் தானாகக் கட்டியது.

அவன் சட்டைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அந்த நூல். ஆஸ்பத்திரியில் வெட்டிப் போட்டதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துவிட்டு அதை எடுத்துப் பார்ப்பேன். நீல நூல், என்னுடையதுதான். மையத்தில் உருண்டையாகக் கிடக்கும், யாரும் எடுக்கலாம். முடிச்சுதான் என்னுடையது இல்லை. பூட்ஸ் கயிற்றுக்குப் போடுகிற சாதாரண முடிச்சு. நான் கட்டியதை வெட்டிவிட்டுத்தான் குத்தியிருக்கிறாய். பிறகு இதைக் கட்டியிருக்கிறாய். ஒற்றைக் கையால், ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்தாலும் இப்படிப் போடலாம் என்று ஜர்னா தீதி செய்து காட்டினாள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து கட்டிவிட்டாலும் இப்படித்தான் இருக்குமாம். பார்த்துச் சொல்ல முடியாது என்கிறாள்.

நான் ஒரு ஆள் இருந்ததாகவே நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்து, எல்லாம் முடிந்ததும் உன் கையை மடியில் வைத்து இதைக் கட்டிவிட்டதாக. தனியாகப் போடாதே என்று அத்தனை பேருக்கும் சொன்னவன் நீ.

சின்னத்துரை, இந்த முடிச்சைப் போட்டது யார்?